ஒடிசியைப் பாரதக் கூத்து மாதிரி படிப்பது எப்படி

குடியாத்தம், ஆரணி பக்கம் வெயில் காலத்தில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. அதைப் பார்த்து வளர்ந்தவருக்கு ஹோமரின் பழைய கிரேக்கக் காவியம் ஒடிசி ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. நான் முதல் தடவை முதல் பக்கத்திலிருந்து பிடித்து, மூன்றாவது காண்டத்தோடு மூடி வைத்துவிட்டேன். மொத்தம் 24 காண்டம், 12,000 வரிக்கு மேல்; டிராய் போர் முடிந்தும் ஊர் திரும்ப முடியாமல் கடலில் அலைகிற கதாநாயகன் ஒடிசியஸ் மேடைக்கு வருவதே ஐந்தாவதில்தான். முதல் நாலும் மகன் டெலிமாக்கஸ் அப்பாவைத் தேடுகிற கதை. பெரிய வேஷம் நடுராத்திரிக்கு மேல்தானே திரைக்குப் பின்னாலிருந்து வரும், அதுபோல நினைத்து உட்காருங்கள். பொறுமை இல்லையென்றால் ஐந்தில் ஆரம்பித்து அப்புறம் திரும்பி வாருங்கள், குற்றமில்லை.

அடுத்து ஒரு துண்டுச் சீட்டு எடுத்து, எந்தச் சாமிக்கு யார்மேல் கோபம் என்று எழுதி வையுங்கள். கடல் தெய்வம் பொசைடனுக்கு ஒடிசியஸ்மேல் கோபம், பெண் தெய்வம் அதீனா அவன் பக்கம், தெய்வங்களுக்கெல்லாம் ராஜா சீயுஸ் பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி. பொசைடன் எத்தியோப்பியர்களிடம் விருந்துக்குப் போன நேரம் பார்த்துத்தான் மற்ற தெய்வங்கள் கூடி, இவனை ஊருக்கு அனுப்ப முடிவு செய்கிறார்கள். அந்தக் கோபத்தின் காரணம் ஒன்பதாவது காண்டத்தில் இருக்கிறது, அதை மட்டும் அவசரப்படாமல் வாய்விட்டுப் படியுங்கள். ஒற்றைக்கண் அரக்கன் பாலிபீமஸிடம் தன் பெயர் ‘யாருமில்லை’ என்று சொல்லி வைத்து, கண்ணைக் குத்திவிட்டுத் தப்பிக்கிறான். அரக்கன் ‘என்னைக் கொல்வது யாருமில்லை’ என்று கத்த, அக்கம்பக்கத்தார் திரும்பிப் போய்விடுகிறார்கள். அத்தோடு வாயை மூடிக்கொண்டு கப்பலை விட்டிருக்கலாம். வீறாப்பில் தன் உண்மைப் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் கத்திச் சொல்கிறான். பெயர் தெரிந்ததும் அரக்கன் தன் அப்பா பொசைடனிடம் சாபம் கேட்கிறான். நம்ம கூத்துக் கோமாளி கட்டியங்காரன் அங்கே நின்றிருந்தால் ‘ஏன் சாமி, விலாசத்தையும் எழுதிக் கொடுத்துட்டு வந்தியா’ என்று கேட்டிருப்பான்.

‘ரோஜா விரல் விடியல்’ என்று அடிக்கடி வரும், சலித்துக்கொண்டு தாண்டாதீர்கள். வாயால் பாடி வளர்ந்த பாட்டு, பாடுகிறவனுக்கு அது பிடிமானம்.

பதின்மூன்றுக்கு மேல் நமக்குப் பழகிய இடம். அஞ்ஞாதவாசம் மாதிரி பிச்சைக்கார வேஷத்தில் சொந்த வீட்டுக்குள் நுழைகிறான், மனைவி பெனலோப்பியைக் கட்டிக்கொள்ள 108 பேர் உட்கார்ந்து அவன் சொத்தைத் தின்கிறார்கள், 21-ல் வில் போட்டி. பன்னிரண்டு கோடாலிகளைத் தாண்டி அம்பு போக வேண்டும். திரௌபதி சுயம்வரம் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

23-வது காண்டத்தை மறுநாள் வேலையில்லாத ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூத்து விடிந்ததும் முடிந்துவிடும். இங்கே இருபது வருஷம் கழித்துச் சேர்ந்த இருவருக்காக அதீனா விடியலையே பிடித்து நிறுத்தி வைக்கிறாள்.