கார்டா, கையில் காசா? நம்மூரில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

போன ஆவணியில் நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் திங்கள்சந்தைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில், மொய்க்குக் காசு எடுக்க என் மைனி ஒரு ஏடிஎம்மில் இறங்கினார்கள். பர்ஸில் இருந்த டெபிட் கார்டும் கிரெடிட் கார்டும் ஒரே வங்கியுடையவை, நிறமும் ஒன்றுதான், மறந்துவிடக் கூடாது என்று இரண்டுக்கும் ஒரே பின் நம்பர் வேறு. ஐயாயிரம் எடுத்தார்கள், மொய் எழுதினார்கள், வந்துவிட்டார்கள். அடுத்த மாதம் பில் வந்தபோதுதான் எடுத்தது கிரெடிட் கார்டில் என்று தெரிந்தது. ரொக்கம் எடுத்ததற்குக் கட்டணம் 500 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 90 ரூபாய், அதன்மேல் எடுத்த நாளிலிருந்தே வட்டி.

கடையில் பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லாத நாட்கள், ஏடிஎம்மில் ரொக்கம் எடுத்தால் கிடையாது. இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. கிரெடிட் கார்டால் ரொக்கம் எடுக்கவே எடுக்காதீர்கள். இரண்டு கார்டுக்கும் வேறு வேறு பின் நம்பர் வைத்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

டெபிட் கார்டைத் தேய்த்தால் உங்கள் காசு அந்த நிமிடமே போகிறது. கிரெடிட் கார்டைத் தேய்த்தால் வங்கியின் காசு போகிறது, நீங்கள் ஒரு தேதிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். கையிலிருந்து ரொக்கமாகக் கொடுத்துவிட்டால், பில் இல்லாத பட்சத்தில் அதைப் பற்றிக் கேட்க ஆளே இல்லை. எந்தப் பொருளுக்கு எதை நீட்டுவது என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், எந்தக் கார்டுக்கு எத்தனை பாயிண்ட் என்பதை வைத்து அல்ல.

அடுத்தது ‘மினிமம் டியூ’. என்னைக் கேட்டால் நடுத்தரக் குடும்பங்களை அதிகம் வாட்டுவது இதுதான். மார்த்தாண்டத்தில் 30,000 ரூபாய்க்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். பில் வருகிறது, கீழே ‘குறைந்தபட்சம் 1,500 கட்டினால் போதும்’ என்று இருக்கிறது, சரி, இந்த மாதம் பள்ளிக்கூட ஃபீஸ் இருக்கிறது, இதை மட்டும் கட்டுவோம் என்று கட்டிவிடுகிறோம். அப்படிக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான் லாபம். வட்டி ஃபிரிட்ஜ் வாங்கிய தேதியிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தால் 30,000-க்கு 1,050 ரூபாய் வட்டி, வட்டிக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி 189, ஆகமொத்தம் 1,239. நீங்கள் கட்டிய 1,500-இல் கடன் குறைவது இருநூற்றுச் சொச்சம். இன்னொன்று, பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாத நாட்கள் போய்விடும், அந்த மாதம் வடசேரியில் வாங்கிய மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. வருடக் கணக்கில் இது 42 சதவீதம். வங்கி நகைக்கடனுக்கு இதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. கட்ட முடியாத நிலை வந்தால் கூச்சப்படாமல் நகையை வைத்து கார்டு பாக்கியை முழுதாக அடைத்துவிடுவது எவ்வளவோ மேல்.

கிரெடிட் கார்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. முழுப் பாக்கியும் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி வங்கியில் சொல்லி வைத்துவிட்டு, மாதச் சம்பளத்துக்குள் அடங்கும் செலவுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் நல்ல பொருள்தான். அதிலும் ஆன்லைனில் வாங்க டெபிட் கார்டை விட அதுதான் பாதுகாப்பு. ஏனென்றால் யாராவது திருடி வாங்கிவிட்டாலும் வங்கியோடு சண்டை நடக்கும் நாட்களில் உங்கள் சேமிப்பு அப்படியே இருக்கும். டெபிட் கார்டில் திருட்டு நடந்தால் முதலில் காலியாவது உங்கள் கணக்கு.

அப்படி நடந்துவிட்டால் எத்தனை நாளில் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதிப்படி, உங்கள் பக்கத்திலும் வங்கியின் பக்கத்திலும் தவறு இல்லாமல் வெளியாள் யாரோ எடுத்திருந்தால், வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் நீங்கள் புகார் கொடுத்தால் உங்களுக்கு ஒரு ரூபாய் பொறுப்பும் இல்லை. 4 முதல் 7 வேலை நாள் ஆகிவிட்டால் ஒரு பங்கை நீங்கள் சுமக்க வேண்டும். ‘திங்கட்கிழமை பேங்குக்குப் போய்ச் சொல்லிக்கலாம்’ என்று இருக்காதீர்கள். அந்த நிமிடமே கார்டை முடக்குங்கள், சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அழையுங்கள், அப்புறம் வங்கிக்குப் போங்கள். பழைய மொபைல் நம்பரையே வங்கியில் விட்டுவைத்திருப்பவர்களுக்கு எஸ்எம்எஸ்ஸே வராது, அதை இன்றைக்கே மாற்றுங்கள். கார்டைத் தட்டிக் காட்டினாலே பணம் போகும் வசதியில் 5,000 ரூபாய் வரை பின் கேட்காது. அதையும் ஆன்லைன் பயன்பாட்டையும் வங்கியின் ஆப்பிலேயே அணைத்து வைக்கலாம். தேவைப்படும்போது திறந்தால் போதும்.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு தவறு உண்டு. வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார், அவருடைய ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் ஊரில் அம்மாவிடம், அல்லது மனைவியிடம், அல்லது பக்கத்து வீட்டுப் பையனிடம். கார்டின் பின்னாலேயே நான்கு எண்ணை எழுதி ஒட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். குடும்பத்துக்குள் நம்பிக்கை என்பது சரி, ஆனால் பின்னைச் சொல்லிக் கொடுத்ததே வங்கியின் கண்ணில் உங்கள் அஜாக்கிரதை. புகார் கொடுக்கும் நிமிடம்வரை போன காசு முழுவதும் உங்கள் தலையில்தான் விழும். விடுமுறைக்கு வரும்போது வங்கிக்குப் போய், கணக்கை நடத்தும் அதிகாரத்தை மனைவிக்கோ பெற்றோருக்கோ முறைப்படி எழுதிக் கொடுங்கள். அது முடியாது என்றால், மாதச் செலவுக்கான தொகையை மட்டும் வீட்டில் இருப்பவர் பெயரிலுள்ள கணக்குக்கு அனுப்புங்கள், அந்தக் கணக்கின் கார்டை அவர் பயன்படுத்தட்டும். வீடு கட்டச் சேர்த்த பணம் இருக்கும் கணக்கின் கார்டு மீன் வாங்கப் போகிற பையில் இருக்கவே கூடாது.

நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் ‘கார்டு என்றால் 2 சதவீதம் கூடும்’ என்றார்கள். நான் பேசாமல் கட்டிவிட்டு வந்தேன், இன்றைக்கும் அது உறுத்துகிறது. டெபிட் கார்டுக்கு அப்படி வாடிக்கையாளரிடம் கூடுதலாக வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி சொன்னது. ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரர் வங்கிக்குத் தரவேண்டிய கட்டணமே கிடையாது. அதைச் சொல்லிக் கேளுங்கள். கிரெடிட் கார்டுக்குக் கடைக்காரர் வங்கிக்குக் கொடுக்க வேண்டியது உண்டு, அதனால் ரொக்கம் தந்தால் விலை குறைப்பீர்களா அண்ணாச்சி என்று கேட்பதில் தவறில்லை, பல கடைகளில் குறைப்பார்கள். பில்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். தங்கம் எடுக்கும்போது இது இன்னும் முக்கியம், அங்கே ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கடைக்காரருக்கே சட்டம் இடம் கொடுக்காது.

ஏடிஎம்முக்கு அடிக்கடி போய் ஐநூறு ஐநூறாக எடுப்பதும் வீண் செலவு. நம்மூர் மெட்ரோ நகரம் இல்லை என்பதால் மாதத்துக்குச் சொந்த வங்கியில் 5 முறை, மற்ற வங்கிகளில் 5 முறை இலவசம், அதற்கு மேல் 2025 மே முதல் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரையிலும் வரியும். இருப்பு பார்ப்பதும் ஒரு முறைதான்.

அதற்காக ரொக்கமே இல்லாமலும் இருக்க முடியாது. தோவாளையில் விடியற்காலையில் பூ வாங்கும்போதும், குளச்சல் பக்கம் கூடை மீன்காரம்மாவிடம் சாளை வாங்கும்போதும் சில்லறைதான் ஓடும். எல்லாவற்றையும் போனில் வைத்துக்கொண்டவர்களுக்கு 2017 நவம்பர் 30 நினைவிருக்கும். ஒக்கிப் புயலில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, டவர் இல்லை, ஏடிஎம் இல்லை. மெழுகுவர்த்தியும் பாலும் ரொக்கத்துக்கு மட்டும்தான் கிடைத்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டாயிரம் ரூபாய் தனியாக இருக்கும், அதுவும் நூறும் ஐம்பதுமாக. அந்த நாட்களில் 500 ரூபாய்த் தாளை நீட்டியவர்களுக்கு மீதி கொடுக்க யாரிடமும் சில்லறை இருக்கவில்லை.