அழகான செரிஃப் எழுத்துரு படிக்க முடியாமல் போவது ஏன்?

பொடோனி, டிடோ, பிளேஃபேர் டிஸ்ப்ளே, கார்மரன்ட் போன்ற செரிஃப் (கோட்டின் நுனியில் சிறு பாதம் உள்ள) ஆங்கில எழுத்துருக்களை மாதிரிப் பக்கத்தில் பார்த்தால் யாருக்கும் பிடித்துவிடும். தடித்த செங்குத்துத் தண்டு, அதை ஒட்டி மயிரிழை அளவில் ஒரு கோடு, நுனியில் கூர்மையான சிறு பாதம். அதையே முழுக் கட்டுரைக்கோ விசிட்டிங் கார்டுக்கோ போட்டதும் கண் கூசுகிறது. 'இந்த ஃபான்ட் சரியில்லை' என்று மாற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் தவறு எழுத்துருவில் இல்லை. அது எந்த அளவுக்காக வரையப்பட்டது என்று யாரும் பார்ப்பதில்லை.

இருப்பதிலேயே பெரிய தவறு, தலைப்புக்கு வரைந்ததைப் பத்தியில் போடுவது. ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் எழுத்தைத் தனியாக வெட்டினார்கள். 8 பாயிண்ட் எழுத்தில் மெல்லிய கோட்டுக்குக் கொஞ்சம் சதை இருக்கும், இடைவெளியும் தாராளமாக இருக்கும். பெரிய அளவுக்குப் போகப் போகக் கோடு மெலியும், எழுத்துகள் நெருங்கும். கணினி வந்த பிறகு ஒரே வரைவை எல்லா அளவுக்கும் சுருக்கவும் நீட்டவும் பழகிவிட்டோம். 72 பாயிண்டில் கம்பீரமாக நின்ற மயிரிழை 10 பாயிண்டில் காணாமல் போகிறது. தடித்த தண்டுகள் மட்டும் மிஞ்சி, வேலிக் கம்பிகளைப் போல வரிசையாக நிற்கின்றன.

இதற்கு மிக நேர்மையான தீர்வாக நான் நினைப்பது, ஹார்ப்பர்ஸ் பஜார் ஃபேஷன் இதழுக்காக எழுத்துரு வடிவமைப்பாளர் ஜொனாதன் ஹோஃப்லர் 1990-களின் தொடக்கத்தில் வரைந்த டிடோ. ஏழு அளவுகளுக்கு ஏழு தனி வரைவுகள். எந்த அளவில் அச்சிட்டாலும் கோடு அறுந்துபோகாது, மெல்லியதாகவே தெரியும். எல்லா எழுத்துருக்களுக்கும் இந்தப் பாக்கியம் இல்லை. அதனால் பெயரைக் கவனியுங்கள். 'டிஸ்ப்ளே' என்று இருந்தால் அது தலைப்புக்கு, 'டெக்ஸ்ட்' என்றால் பத்திக்கு, 'கேப்ஷன்' என்றால் படக்குறிப்பு போன்ற சிறிய எழுத்துக்கு. சில வேரியபிள் ஃபான்ட்களில் (ஒரே கோப்பில் பல வடிவங்கள் அடங்கிய எழுத்துரு) ஆப்டிகல் சைஸ் வசதி, அதாவது அளவுக்கேற்ற தனி வரைவு, உள்ளேயே இருக்கிறது. அப்படி இருந்தால் இன்றைய பிரவுசர்கள் அளவுக்கு ஏற்ப வரைவைத் தாமாகவே மாற்றிக்கொள்ளும்.

கார்மரன்டில் இன்னொரு சிக்கல் உண்டு. அதன் சிற்றெழுத்துகள் பேரெழுத்தோடு (கேப்பிடல்) ஒப்பிட்டால் மிகக் குள்ளம். 16 பிக்சல் வைத்தால் மற்ற ஃபான்ட்களின் 13 பிக்சல் போலத் தெரியும். பத்திக்கு அதே குடும்பச் சாயல் வேண்டுமென்றால் ஈபி கேரமண்ட் நல்ல தேர்வு. 16-ஆம் நூற்றாண்டுப் புத்தக எழுத்துகளைப் பின்பற்றியது, நீண்ட வாசிப்பைத் தாங்கும்.

லோகோவிலும் இதே கதைதான். பெயர்ப்பலகையில் பிரமாதமாக இருக்கும் டிடோ பாணி லோகோ, மொபைல் ஐகானில் உடைந்து தெரியும். சின்ன அளவுக்குக் கோட்டைத் தடிமனாக்கிய இன்னொரு வடிவத்தைத் தொடக்கத்திலேயே வரைந்து வைத்துவிடுங்கள்.

அப்புறம் தாள். இங்கிலாந்தின் அச்சாளர் ஜான் பாஸ்கர்வில் 1757-ல் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் கவிதைகளை அச்சிட்டபோது எழுத்தை மட்டும் புதிதாக வடிவமைக்கவில்லை. மையைக் கருமையாக்கினார், அச்சிட்ட தாளைச் சூடான செப்புத் தகடுகளுக்கு நடுவே அழுத்தி வழவழப்பாக்கினார். மெல்லிய கோடு தெளிவாக விழ அதெல்லாம் தேவைப்பட்டது. இன்றும் சொரசொரப்பான தாளில் மை பரவும். அதிலும் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தால், சுற்றியுள்ள மை உள்ளே பரவி மயிரிழையை மூடிவிடும். நான்கு நிற அச்சில் நிறங்கள் துளி விலகினாலும் சிறிய எழுத்து மங்கிவிடும். எனவே சிறிய செரிஃப் எழுத்தை ஒரே மையில் அச்சிடுவதுதான் பாதுகாப்பு. வெள்ளை எழுத்தே வேண்டுமென்றால் ஒரு படி தடித்த வெயிட்டை (எழுத்தின் தடிமன் வகை) தேர்ந்தெடுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவெடுக்காமல், எந்தத் தாளில் எந்த அளவில் வரப்போகிறதோ அப்படியே ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள்.

போலி இட்டாலிக் (சாய்வெழுத்து) எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். இட்டாலிக் கோப்பு இல்லாதபோது மென்பொருள் நேர் எழுத்தையே சாய்த்துவிடுகிறது. உண்மையான இட்டாலிக் வேறு கையெழுத்தில் பிறந்த வடிவம். பல எழுத்துருக்களில் சிற்றெழுத்து 'a' ஒற்றை வட்டமாக மாறும், 'f' வரிக்குக் கீழே வால் இறக்கும். சாய்த்த எழுத்தில் இதெல்லாம் கிடைக்காது, கோடுகளும் கோணலாகிவிடும். போலி போல்டும் அப்படித்தான்: எல்லாப் பக்கமும் ஒரே அளவு பூசுவதால் தடிமன், மெல்லியது என்ற வேறுபாடே குறைந்துவிடுகிறது. தேவையான வெயிட்களைச் சேர்த்துவிட்டீர்களா என்று முதலிலேயே சரிபாருங்கள்.

இடைவெளியில் ஒரு எளிய வழக்கம்: முழுக்கப் பேரெழுத்தில் வரும் சொல்லுக்குச் சற்று இடைவெளி கூட்டலாம், சிற்றெழுத்துக்குக் கூட்டக் கூடாது. கூட்டினால் சொல்லின் உருவம் சிதறிவிடும். பொடோனி வகைக்கு வரி இடைவெளி தாராளமாக வேண்டும், ஏனென்றால் அதன் செங்குத்துத் தண்டுகள் கண்ணை வரியோடு போகவிடாமல் மேலும் கீழும் இழுக்கும்.

ஜோடி சேர்க்கும்போது பொடோனியையும் டிடோவையும் ஒரே பக்கத்தில் வைக்காதீர்கள். ஏதோ கவனக்குறைவு போலத்தான் தெரியும். தலைப்புக்குத் தடிமன்-மெல்லிய மாறுபாடு அதிகமுள்ள செரிஃப், பத்திக்கு அமைதியான ஒரு சான்ஸ் செரிஃப் (பாதம் இல்லாத எழுத்துரு) என்று தெளிவாக வேறுபடுத்துங்கள். நேர்க்கோட்டு மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றவும் மறக்க வேண்டாம். இவ்வளவு நுணுக்கமான எழுத்துகளுக்கு நடுவே அந்த மொட்டைக் கோடுகள் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும்.