மின்னஞ்சல் சர்வர் அமைப்புகள்: எதை முதலில் தொடுவது, எதைக் கடைசியில் தொடுவது

சொந்த டொமைனுக்கு ஒரு மின்னஞ்சல் சர்வரை நிறுவ அரை நாள் போதும். அது அனுப்பும் கடிதங்களை மற்ற சர்வர்கள் ஐயமின்றி ஏற்கும் நிலைக்குக் கொண்டுவரத்தான் பொறுமை வேண்டும். மென்பொருளை நிறுவியவுடன் அமைப்புக் கோப்பைத் திறந்து, கண்ணில் படும் வரிகளையெல்லாம் ஒரே மூச்சில் திருத்திவிட்டு, பிறகு கடிதம் ஏன் போகவில்லை என்று தேடுகிறவர்கள் பலர். அப்படித் தேடும்போது பத்து மாற்றங்களில் எது தவறு என்று பிரித்தறிய முடியாது. ஆகவே இங்கே ஒரு வரிசையை வலியுறுத்துகிறேன்: முதலில் சர்வரின் பெயர், அடுத்து அது யாருக்காகக் கடிதத்தைக் கடத்தும் என்ற வரம்பு, அதன்பின் மறையாக்கமும் (என்க்ரிப்ஷன்) கடவுச்சொல்லும், கடைசியாகக் கையொப்பம். ஒரு படியை முடித்துச் சோதித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

லினக்ஸில் இயங்கும் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் இணையை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கடிதங்களை வாங்குவதும் அனுப்புவதும் போஸ்ட்ஃபிக்ஸின் வேலை. பயனர்களின் அஞ்சல் பெட்டிகளை ஐமேப் (சர்வரிலுள்ள கடிதங்களைச் செயலியில் படிக்கும் நெறிமுறை) வழியாகக் காட்டுவதும் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதும் டவ்காட்டின் வேலை. வீட்சே வெனமா ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது எழுதி 1998-இல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ், ஒரே பெரிய நிரலாக இல்லாமல், ஒவ்வொரு பணிக்கும் ஒரு சிறு நிரல் என்று பிரிக்கப்பட்டது. அதனால்தான் அதற்கு இரண்டு முக்கியக் கோப்புகள் உள்ளன. எந்தச் சிறு நிரல் எந்தப் போர்ட்டில் (இணைப்புகள் வரும் எண்ணிட்ட வாசல்) இயங்க வேண்டும் என்பதை மாஸ்டர் கோப்பும், அவையெல்லாம் பின்பற்ற வேண்டிய மதிப்புகளை மெயின் கோப்பும் சொல்கின்றன. மெயின் கோப்பில் பொதுவாக எழுதிய ஒரு மதிப்பை, மாஸ்டர் கோப்பில் ஒரு போர்ட்டுக்கு மட்டும் மாற்றி எழுத முடியும் என்பதை நினைவில் வையுங்கள். சற்று நேரத்தில் அது தேவைப்படும்.

பெயரும் முகவரியும்

எந்தக் கோப்பையும் திறப்பதற்கு முன் இரண்டு செய்திகளை உங்கள் சர்வர் நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்யுங்கள். ஒன்று, உங்களுக்கு மாறாத ஐபி முகவரி கிடைக்குமா. மற்றொன்று, அந்த முகவரியிலிருந்து, சர்வர்கள் கடிதம் பரிமாறும் 25-ஆம் போர்ட் வழியாக வெளியே செல்ல அனுமதி உண்டா. ஸ்பேமைத் தடுப்பதற்காகப் பல கிளவுட் நிறுவனங்கள் இந்தப் போர்ட்டை வெளிச்செல்லும் திசையில் மூடி வைத்திருக்கின்றன. கேட்டால்தான் திறப்பார்கள், சிலர் திறக்கவே மாட்டார்கள். அது மூடியிருந்தால் கீழே சொல்லும் எதைச் செய்தாலும் கடிதம் வரிசையிலேயே தேங்கி நிற்கும்.

அடுத்து டிஎன்எஸ், அதாவது டொமைன் பெயர்களுக்குரிய விவரங்களை வைத்திருக்கும் பொது முகவரிப் புத்தகம். சர்வருக்கு முழுப் பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் ஏ பதிவை இடுங்கள். பிறகு டொமைனுக்கு வரும் கடிதங்களை எந்த சர்வர் வாங்கும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவில் அந்தப் பெயரையே குறிப்பிடுங்கள். எம்எக்ஸ் பதிவில் ஐபி முகவரியை நேரடியாக எழுதக் கூடாது. சிநேம் எனப்படும் மாற்றுப்பெயரையும் சுட்டக் கூடாது. இரண்டு எம்எக்ஸ் பதிவுகள் இருந்தால் சிறிய எண் கொண்டதற்கே முன்னுரிமை. பழைய சர்வரிலிருந்து இடம் மாறுகிறவர்கள், மாற்றத்துக்கு ஓரிரு நாள் முன்பே டிடிஎல் (பழைய பதிவை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) மதிப்பை 300 விநாடிக்குக் குறைத்து வைத்தால் புதிய முகவரி விரைவில் பரவும்.

பலரும் தவறவிடுவது பிடிஆர் பதிவு. பெயரிலிருந்து முகவரியைக் காட்டுவது ஏ பதிவு என்றால், முகவரியிலிருந்து பெயரைக் காட்டுவது பிடிஆர். இது டொமைன் வாங்கிய இடத்தில் அமைவதில்லை. ஐபி முகவரி யாருடையதோ அவர்களிடம்தான் அமைக்க வேண்டும். உங்கள் சர்வர் மற்றொரு சர்வரோடு பேசத் தொடங்கும்போது சொல்லும் பெயர், ஏ பதிவு, பிடிஆர் பதிவு ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். சர்வருக்கு வழக்கமான ஐபிவி4 முகவரியோடு புதிய வகையான ஐபிவி6 முகவரியும் இருந்தால் அதற்கும் தனியாகப் பிடிஆர் தேவை. ஐபிவி4-க்கு எல்லாம் சரியாக இருந்தும் ஜிமெயில் கடிதத்தைத் திருப்பி அனுப்பினால், நான் முதலில் பார்க்கும் இடம் இதுதான். ஐபிவி6-க்குப் பிடிஆர் அமைக்க வழியில்லை என்றால், போஸ்ட்ஃபிக்ஸை ஐபிவி4 மட்டும் பயன்படுத்துமாறு மெயின் கோப்பில் கட்டுப்படுத்திவிடுவது நல்லது.

இப்போது மெயின் கோப்பைத் திறக்கலாம். மைஹோஸ்ட்நேம் வரியில் மேலே தேர்ந்தெடுத்த முழுப் பெயரை எழுதுங்கள். மைடெஸ்டினேஷன் வரி, எந்தெந்தப் பெயர்களுக்கு வரும் கடிதங்களை இந்த சர்வரின் லினக்ஸ் பயனர்களுக்கே கொடுப்பது என்பதைச் சொல்கிறது. அஞ்சல் பெட்டிகளை லினக்ஸ் பயனர்களாக இல்லாமல் தனிப் பட்டியலிலோ தரவுத்தளத்திலோ வைத்திருந்தால், உங்கள் டொமைன் மெய்நிகர் டொமைன்களின் பட்டியலில் மட்டுமே இருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் எழுதிவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் தன் நடவடிக்கைகளைக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்பில் (லாக்) எச்சரிக்கும், ஆனாலும் இயங்கும். இருக்கும் பயனரையே இல்லாதவர் என்று சொல்லிக் கடிதத்தைத் திருப்பும். புதிதாக அமைப்பவர்களை நீண்ட நேரம் அலைக்கழிக்கும் பிழை இது.

யாருக்காகக் கடத்துவது

கடிதங்களை சர்வரிலிருந்து சர்வருக்குக் கடத்தும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982-இல் எழுதப்பட்ட காலத்தில், யார் கொண்டுவந்த கடிதத்தையும் எந்த சர்வரும் வாங்கி அடுத்த இடத்துக்குக் கடத்திவிடுவது இயல்பான உதவியாகவே கருதப்பட்டது. இன்று அப்படித் திறந்து கிடக்கும் சர்வர் சில மணி நேரத்தில் ஸ்பேம் அனுப்புகிறவர்களின் கைக்குப் போய்விடும். ஆகவே உங்கள் சர்வர் இரண்டு வகைக் கடிதங்களை மட்டுமே ஏற்க வேண்டும்: உங்கள் டொமைனுக்கு யார் அனுப்பியதும், உங்கள் பயனர்கள் கடவுச்சொல் கொடுத்து யாருக்கு அனுப்புவதும்.

இதைத் தீர்மானிப்பவை, நம்பத்தக்க முகவரிகளைப் பட்டியலிடும் மைநெட்வொர்க்ஸ் வரியும், கடத்தலுக்கான கட்டுப்பாட்டு வரியும். கட்டுப்பாட்டு வரியில் மூன்று விதிகள் வரிசையாக வரும். மைநெட்வொர்க்ஸில் உள்ளவர்களை அனுமதி. கடவுச்சொல் கொடுத்தவர்களை அனுமதி. மற்றவர்கள் நம்முடையது அல்லாத டொமைனுக்கு அனுப்ப முயன்றால் மறு. போஸ்ட்ஃபிக்ஸ் இவற்றை மேலிருந்து படித்து, பொருந்தும் முதல் விதியோடு நின்றுவிடும் என்பதால் வரிசை மாறக் கூடாது. முதல் விதிக்கு உட்படுகிறவர்களிடம் கடவுச்சொல்லே கேட்கப்படுவதில்லை என்பதைக் கவனியுங்கள். மைநெட்வொர்க்ஸில் 127.0.0.1 முதலான சர்வரின் சொந்த முகவரிகளைத் தவிர வேறு எதையும் எழுதாமல் இருப்பதே என் பரிந்துரை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நான் கவனித்துவந்த ஒரு சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸ் கன்டெய்னருக்குள் (தனித்த உள் பிணையம் கொண்ட ஓர் அடைப்புக்குள்) இயங்கியது. வெளியிலிருந்து வந்த இணைப்புகள் எல்லாம் கன்டெய்னரின் உள் பிணைய முகவரியிலிருந்து வருவதாகவே அதற்குத் தெரிந்தன. அந்த உள் முகவரி மைநெட்வொர்க்ஸிலும் இருந்தது. கோப்பை எத்தனை முறை படித்தாலும் பிழை தெரியாது, ஏனென்றால் எழுதியதெல்லாம் சரி. ஆனால் ஓர் இரவு முழுவதும் அந்த சர்வர் முன்பின் அறியாதவர்களின் ஸ்பேமைக் கடத்திக்கொண்டிருந்தது. வரிசையைக் காலி செய்ய ஒரு மணி நேரம் ஆயிற்று. தடைப்பட்டியல்களிலிருந்து அந்த ஐபி முகவரியை மீட்கப் பல வாரங்கள் ஆயின. அதனால் இந்தச் சோதனையைக் கட்டாயம் வெளியிலுள்ள ஒரு கணினியிலிருந்து செய்யுங்கள்: 25-ஆம் போர்ட்டில் இணைந்து, கடவுச்சொல் கொடுக்காமல், உங்களுடையது அல்லாத ஒரு முகவரிக்குக் கடிதம் அனுப்ப முயலுங்கள். மறுப்பு வந்தால் மட்டுமே மேலே செல்லலாம். பதிவுக் கோப்பில் உங்கள் கணினியின் உண்மையான முகவரி பதிவாகியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

போர்ட், சான்றிதழ், கடவுச்சொல்

25-ஆம் போர்ட் சர்வர்கள் தமக்குள் பேசுவதற்கு. பயனர்களின் அஞ்சல் செயலிகள் கடிதம் கொடுப்பதற்கு 587, 465 ஆகிய இரண்டும் உள்ளன. 587-இல் இணைப்பு சாதாரணமாகத் தொடங்கி, ஸ்டார்ட்டிஎல்எஸ் கட்டளைக்குப் பின் மறையாக்கத்துக்கு மாறும். 465-இல் தொடக்கம் முதலே மறையாக்கம்தான். 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8314 என்ற இணையத் தரநிலை ஆவணம் இரண்டாவது முறையையே விரும்பத்தக்கதாகச் சொல்கிறது. புதிதாக அமைப்பவர்கள் 465-ஐ முதன்மையாக வைத்து, பழைய செயலிகளுக்காக 587-ஐயும் திறந்து வைக்கலாம். கடிதம் படிப்பதற்கான ஐமேப்பை 993-இல் மட்டும் வையுங்கள்.

முன்பு சொன்ன மாஸ்டர் கோப்பின் வசதி இங்கேதான் பயன்படுகிறது. 465, 587 ஆகிய போர்ட்களுக்குரிய பகுதிகளில் மட்டும் கடவுச்சொல் சரிபார்ப்பை இயக்கி, மறையாக்கத்தைக் கட்டாயமாக்குங்கள். 25-இல் கடவுச்சொல் கேட்கும் வசதியே இருக்க வேண்டாம். ஆனால் 25-இல் மறையாக்கத்தைக் கட்டாயமாக்கிவிடாதீர்கள். அங்கே முடிந்தால் மறையாக்கம் என்ற அளவில் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் மறையாக்கம் தெரியாத சர்வர்களின் கடிதங்கள் உங்களை வந்தடையாது. வெளியே அனுப்பும் திசைக்கும் இதே மதிப்பைத் தனி வரியில் எழுத வேண்டும். வாங்கும் திசைக்கான வரி அனுப்பும் திசையைத் தொடாது.

கடவுச்சொல் கொடுத்து நுழைந்த பயனர் வேறொருவரின் பெயரில் அனுப்பலாமா? இயல்பு நிலையில் போஸ்ட்ஃபிக்ஸ் அதைத் தடுப்பதில்லை. எந்தக் கணக்கு எந்த முகவரியைப் பயன்படுத்தலாம் என்ற பட்டியலைக் கொடுத்து, பொருந்தாததை மறுக்கும் விதியை இந்த இரண்டு போர்ட்களிலும் சேர்த்துவிடுங்கள். பலர் ஒரே சர்வரைப் பகிரும் இடங்களில் இது மிக அவசியம்.

மறையாக்கத்துக்குத் தேவையான, சர்வரின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழைப் பொறுத்தவரை ஒரே ஓர் எச்சரிக்கை. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் பல ஆண்டுகளாக வழங்கிவந்த சான்றிதழின் ஆயுள் 90 நாள். அதைத் தானாகப் புதுப்பிக்க ஏற்பாடு செய்கிறவர்கள், புதுப்பித்த பின் போஸ்ட்ஃபிக்ஸையும் டவ்காட்டையும் மறுபடி ஏற்றும் கட்டளையைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். வட்டில் புதிய சான்றிதழ் இருக்க, நினைவகத்தில் பழையது காலாவதியாகி, ஒரு நாள் காலையில் எல்லாருடைய செயலியும் ஒன்றாக நின்றுபோகும்.

கையொப்பம்

எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்றும் சேர்ந்து, கடிதம் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்பதற்குச் சான்றாகின்றன. எஸ்பிஎஃப் என்பது உங்கள் டொமைனின் பெயரில் எந்த ஐபி முகவரிகள் அனுப்பலாம் என்று டிஎன்எஸ்ஸில் அறிவிக்கும் டிஎக்ஸ்டி (உரை) பதிவு. ஒரு டொமைனுக்கு இப்படி ஒரு பதிவு மட்டுமே இருக்கலாம். புதிய சேவை ஒன்றைச் சேர்க்கும்போது இரண்டாவது பதிவை இட்டால் இரண்டுமே செல்லாமல் போகும். அதைச் சரிபார்க்க 10-க்கு மேல் டிஎன்எஸ் தேடல்கள் தேவைப்பட்டாலும் செல்லாது.

எஸ்பிஎஃப்பின் குறை, கடிதத்தை ஒருவர் வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டால் அனுப்பும் ஐபி மாறிவிடுவதும் சரிபார்ப்பு தோற்பதும் ஆகும். டிகேஐஎம் கடிதத்தின் மீதே கையொப்பம் இடுவதால், உள்ளடக்கம் மாறாத வரை திருப்பிவிட்டாலும் அது தாங்கும். ஆகவே இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் உண்டு என்றால் டிகேஐஎம்மைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். ஓபன்டிகேஐஎம் அல்லது ஆர்ஸ்பேம்டி என்ற நிரலைக் கொண்டு 2048 பிட் சாவி இணையை உருவாக்கி, தனிச்சாவியை சர்வரில் வைத்து, பொதுச்சாவியை டிஎன்எஸ்ஸில் வெளியிடுங்கள். டிஎக்ஸ்டி பதிவின் ஒரு துண்டில் 255 எழுத்துகளே அடங்கும் என்பதால் 2048 பிட் சாவியை மேற்கோள் குறிகளுக்குள் இரண்டு துண்டாகப் பிரித்து எழுத வேண்டியிருக்கும்; சில கட்டுப்பாட்டுப் பலகைகள் தாமே பிரித்துவிடும்.

டிமார்க் பதிவு, இந்த இரண்டில் ஒன்றாவது தேறி, அதில் தேறிய டொமைனும் கடிதத்தின் அனுப்புநர் வரியில் தெரியும் டொமைனும் பொருந்த வேண்டும் என்கிறது. பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பதையும் அதுவே சொல்லும். முதலில் எதுவும் செய்யாதே என்ற கொள்கையோடு தொடங்கி, அறிக்கைகளுக்கு ஒரு முகவரி கொடுத்து, சில வாரங்கள் அவற்றைப் படியுங்கள். உங்கள் பெயரில் அனுப்பும் மறந்துபோன நிரல்களும் சேவைகளும் அப்போதுதான் வெளிப்படும். அவற்றைச் சரிசெய்த பிறகு தனிமைப்படுத்து, அதன்பின் நிராகரி என்று உயர்த்துங்கள். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இந்த மூன்றையும் கூகுள் கட்டாயமாக்கியிருக்கிறது; மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு யாஹூவும் இதே வகை விதிகளை வைத்திருக்கிறது. குறைவாக அனுப்புகிறவர்களும் மூன்றையும் வைத்திருப்பதே பாதுகாப்பு.

எஞ்சியவை

கடித அளவின் உச்சவரம்பு இயல்பாக 10,240,000 பைட். கடிதத்தோடு இணைத்த கோப்புகள் பேஸ்64 முறையில் (எழுத்துகளாக மாற்றி) எழுதப்படும்போது மூன்றில் ஒரு பங்கு பெருகும் என்பதால், இந்த வரம்பில் ஏறத்தாழ 7 எம்பி கோப்புதான் செல்லும். 25 எம்பி கோப்புக்கு இடம் தர விரும்பினால் வரம்பை 35 எம்பி அளவில் வையுங்கள். போய்ச் சேராத கடிதத்தை போஸ்ட்ஃபிக்ஸ் 5 நாள் வரை மறுபடி மறுபடி முயலும். ஆனால் தாமதத்தைப் பற்றி அனுப்பியவருக்கு இயல்பாக எதுவும் சொல்லாது. தாமத அறிவிப்பை 4 மணி நேரத்துக்கு அமைத்தால் பயனர் ஐந்து நாள் காத்திருக்க வேண்டியதில்லை. போஸ்ட்மாஸ்டர் என்ற முகவரி கட்டாயம் இருக்க வேண்டும், அதற்கு வருவதை ஒருவர் படிக்கவும் வேண்டும்.

பதிவுக் கோப்பைப் படிக்கும்போது மறுமொழி எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். 2 என்றால் ஏற்கப்பட்டது. 4 என்றால் தற்காலிக மறுப்பு, போஸ்ட்ஃபிக்ஸ் தானே மறுபடி முயலும், நீங்கள் கைவைக்க வேண்டாம். 5 என்றால் முற்றான மறுப்பு, அருகிலுள்ள வாக்கியத்தில் காரணம் இருக்கும். பிறகு வெளியே உள்ள ஒரு கணக்குக்குக் கடிதம் அனுப்பி, அதன் முழுத் தலைப்பைத் திறந்து, எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் தேறியதாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் அமைப்புக் கோப்புகளையும் டிகேஐஎம் தனிச்சாவியையும் வேறோர் இடத்தில் மறையாக்கிச் சேமித்துவிட்டு, சர்வரை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். கையால் தொடங்கிய ஏதேனும் ஒரு சேவை தானாக எழாமல் நின்றுவிட்டால், அது இன்றே தெரிந்துவிடும்.