ஹைவேயில் எந்த வேகத்துக்கு எவ்வளவு பெட்ரோல்? உங்கள் ஸ்போர்ட்ஸ் காரில் நீங்களே அளக்கும் முறை

ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும் என்பது நகர நெரிசலுக்குச் சரி. ஹைவேயில் ஒரே சீராக ஓட்டும்போது மைலேஜைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நீங்கள் பிடித்திருக்கும் வேகம்தான். அதை உங்கள் காரிலேயே அளந்துவிடலாம்.

அளப்பதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. 1500 கிலோ எடை, 2 சதுர மீட்டர் முகப்புப் பரப்பு, 0.32 காற்றிழுவைக் குணகம் (காரின் வடிவம் காற்றை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைச் சொல்லும் எண்; குறைவாக இருந்தால் நல்லது) உள்ள கார் என்று வைத்துக்கொள்வோம். டயர் உருளும்போது ஏற்படும் தடை சுமார் 175 நியூட்டன் (விசையை அளக்கும் அலகு). இந்த வேகங்களில் அது பெரிதாக மாறாது. காற்றின் தடைதான் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும்: 80 கி.மீ. வேகத்தில் 190 நியூட்டன், 100-ல் 296, 120-ல் 427. இரண்டையும் கூட்டினால் 80-ல் சுமார் 365, 120-ல் சுமார் 600. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் செய்ய வேண்டிய வேலை 65 சதவீதம் கூடிவிடுகிறது.

தாழ்வாக, வழுவழுப்பாக இருக்கும் கார் காற்றை எளிதாகக் கிழித்துப் போகும் என்று நினைக்கத் தோன்றும். அகலமான டயர், பிரேக்குக்கும் ரேடியேட்டருக்கும் காற்று போகும் துளைகள், பின்பக்க விங் எல்லாம் அதைக் கெடுக்கின்றன. மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸின் குணகம் 0.25, பல ஸ்போர்ட்ஸ் கார்கள் 0.30-ஐத் தாண்டுகின்றன.

ஆனால் வேலை 65 சதவீதம் கூடியதால் பெட்ரோலும் அதே அளவு கூடிவிடாது. 80-ல் இந்தக் காருக்குத் தேவை வெறும் 11 குதிரைத்திறன். 300 குதிரைத்திறன் இன்ஜினுக்கு அது ஒரு சுமையே இல்லை. இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பெரும்பாலும் மூடியே கிடக்கும். அந்த இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சவே இன்ஜின் சக்தியை வீணாக்கும். சுமை ஏறும்போது இந்த வீணடிப்பின் பங்கு குறைகிறது. 2014 மாடல் செவ்ரோலே கார்வெட் லேசான சுமையில் எட்டு சிலிண்டரில் நான்கை நிறுத்தி, மீதி நான்கின் சுமையை ஏற்றுவது இதற்காகத்தான். ஆகவே உங்கள் காரின் உண்மையான எண் என்ன என்பது காகிதக் கணக்கில் கிடைக்காது, சாலையில்தான் கிடைக்கும்.

படி 1: காரைத் தயார் செய்யுங்கள்

டயர் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அளவுக்குக் காற்று நிரப்புங்கள். ஜன்னல்களை ஏற்றிவிடுங்கள், திறக்கும் கூரை இருந்தால் மூடுங்கள். ஏசியை எல்லா ஓட்டத்திலும் ஒரே மாதிரி வையுங்கள். அளக்கத் தொடங்குமுன் குறைந்தது 20 நிமிடம் ஓட்டி, இன்ஜின் ஆயிலும் கியர்பாக்ஸும் டயரும் சூடாகட்டும். குளிர்ந்த காரில் எடுத்த முதல் அளவு எப்போதும் மோசமாகத்தான் வரும்.

படி 2: உண்மையான வேகத்தைக் கண்டுபிடியுங்கள்

ஸ்பீடோமீட்டரை நம்பாதீர்கள். ஐ.நா.வின் 39-ஆம் வாகன விதிப்படி அது உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டவே கூடாது; கூட்டிக் காட்டலாம். முள் 120-ல் நிற்கும்போது நீங்கள் 114-ல் போய்க்கொண்டிருக்கலாம். போனின் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்த்து, வேகத்தைத் தானே ஒரே அளவில் பிடித்துக்கொள்ளும் க்ரூஸ் கன்ட்ரோலை அதற்கேற்ப வையுங்கள். போனைப் பார்ப்பது பக்கத்து இருக்கைக்காரரின் வேலை.

படி 3: போய்த் திரும்புங்கள்

80, 100, 120 என மூன்று வேகங்கள் போதும். சாலையின் வரம்பு குறைவாக இருந்தால் அதற்குள் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். மேல் கியரில், ஒவ்வொரு வேகத்துக்கும் 40 கி.மீ. போய், அதே சாலையில் 40 கி.மீ. திரும்ப வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் அளப்பதுதான் புதியவர்களின் அளவை அதிகம் கெடுப்பது. கண்ணுக்கே தெரியாத 1 சதவீத ஏற்றம் இந்தக் காருக்கு 147 நியூட்டன் கூடுதல் சுமை; கிட்டத்தட்ட டயர் தடைக்குச் சமம். 100-ல் போகும்போது 10 கி.மீ. எதிர்க்காற்று இருந்தால் காற்றின் தடை 21 சதவீதம் ஏறும். திரும்பும்போது அதே காற்று 19 சதவீதம் குறைக்கும். இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். பலத்த காற்று, மழை என்றால் வேறு நாள் பாருங்கள். ஈரச் சாலை டயர் தடையைக் கூட்டும். லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போனாலும் அளவு கெடும், ஆபத்தும்கூட.

படி 4: பெட்ரோலை அளவிடுங்கள்

பங்க்கில் டேங்க்கை நிரப்பி அளப்பது 80 கி.மீ. ஓட்டத்துக்குச் சரிவராது. ஆறு லிட்டர் செலவில் அரை லிட்டர் முன்பின் ஆனாலே 8 சதவீதப் பிழை. பயணத்தின் தூரத்தையும் பெட்ரோல் செலவையும் காட்டும் காரின் ட்ரிப் கம்ப்யூட்டரை, வேகம் நிலைத்த பிறகு, பூஜ்ஜியமாக்கித் தொடங்குங்கள். அது காட்டுவதை ஒரு முழு டேங்க் கணக்கோடு ஒருமுறை ஒப்பிடுங்கள்: கம்ப்யூட்டர் 38 லிட்டர் என்று சொல்ல, பங்க்கில் 40 லிட்டர் பிடித்தால், எல்லா லிட்டர் அளவையும் 1.05-ஆல் பெருக்குங்கள்.

ட்ரிப் கம்ப்யூட்டர் இல்லையென்றால், காரில் செருகி இன்ஜின் தகவல்களைப் படிக்கும் ஓபிடி கருவியில், இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் காற்றோட்ட சென்சாரின் அளவைப் படியுங்கள். நொடிக்கு இத்தனை கிராம் என்று வரும் எண்ணை 0.33-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று கிடைக்கும். 120-ல் 27 கிராம் என்றால் சுமார் 8.9 லிட்டர், அதாவது லிட்டருக்கு 13.5 கி.மீ. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கான எண் இது. 10 சதவீத எத்தனால் கலந்திருந்தால் செலவு இன்னும் கொஞ்சம் கூடும். வேகத்தைக் கூட்டும் நேரத்தில் இந்தக் கணக்கு பொய் சொல்லும்; சீரான ஓட்டத்தில் மட்டும் எடுங்கள்.

படி 5: கூட்டும்போது கவனம்

போகும்போது லிட்டருக்கு 12, வரும்போது 16 என்றால் சராசரி 14 அல்ல. இரு பக்க லிட்டரையும் கூட்டி, மொத்தத் தூரத்தை அதனால் வகுங்கள்: 13.7 வரும்.

மூன்று வேகங்களின் எண்களுக்குப் பக்கத்தில் 100 கி.மீ.க்கு ஆகும் நேரத்தையும் எழுதுங்கள்: 75, 60, 50 நிமிடம். 80-லிருந்து 100-க்கு ஏறினால் 15 நிமிடம் மிச்சம், 100-லிருந்து 120-க்கு 10 நிமிடம்தான். பெரிய இன்ஜின் கார்களில் 80-க்கும் 100-க்கும் இடையே மைலேஜ் அதிகம் விழாமல், அதற்கு மேல் சரிவது வழக்கம். உங்கள் காரிலும் அப்படி வந்தால் க்ரூஸ் கன்ட்ரோலை 100-ஐ ஒட்டி வையுங்கள். மாறாக 80-ல் எதிர்பார்த்ததைவிட மோசமாக வந்தால், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஸ்போர்ட் மோடில் கீழ் கியரையே பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று, இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டரில் பாருங்கள். சாதாரண மோடுக்கு மாற்றிவிட்டு அந்த ஒரு வேகத்தை மட்டும் திரும்ப ஓட்டினால் போதும்.