அணுப் பாதுகாப்பில் தகவல் ஆய்வாளர்: பகாவிலிருந்து எப்படித் தொடங்குவது

போன தீபாவளிக்கு, மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பகாவ் ஊரில் உள்ள வீட்டுக்கு வந்திருந்தபோது, நாங்கள் முன்பு குடியிருந்த தோட்ட லயத்தில் வளர்ந்த ஒரு பிள்ளை கேட்டாள்: "அத்தை, நீங்க பாக்குற வேலைக்கு என்ன படிக்கணும்?" பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். முறுக்கு தட்டை நடுவில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினேன். அப்படியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையிலும் தொழிற்சாலையிலும் கதிரியக்கப் பொருள்கள் அன்றாடம் பயன்படுகின்றன. அவற்றில் சில தொலைகின்றன, திருடு போகின்றன, பழைய இரும்போடு கலந்துவிடுகின்றன. சிலவற்றை விற்கப் பார்க்கிறவர்களும் உண்டு. இப்படி நடப்பதை நாடுகள் வியன்னாவில் உள்ள அனைத்துலக அணுசக்தி நிறுவனத்துக்குத் தெரிவிக்கின்றன. அதற்காக 1995-இல் ஒரு தரவுத்தளம் தொடங்கினார்கள். இன்று 140-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. 1993 முதல் நடந்தவையாக 4,000-க்கும் மேற்பட்ட சம்பவங்கள் பதிவாகியுள்ளன. கடத்தலோடோ கெட்ட நோக்கத்தோடோ தொடர்புள்ளவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. மற்றவை பெரும்பாலும் கவனக்குறைவு, காணாமல் போனது, கண்ட இடத்தில் போட்டுவிட்டுப் போனது. இந்தத் துறையில் தகவல் ஆய்வாளர் என்பவர் இப்படிப்பட்ட அறிக்கைகளைப் படித்து, வெளியில் வரும் செய்திகளோடு ஒப்பிட்டு, எது உறுதி, எது ஊகம் என்று பிரித்து, மேலே இருப்பவர்கள் முடிவெடுக்கும்படி சுருக்கமாக எழுதிக் கொடுப்பவர்.

நம் பிள்ளைகளுக்கு முதல் தடங்கல் ஒரு சொல்லில் வரும். தமிழில் எல்லாமே 'பாதுகாப்பு'தான். மலாயிலும் பெரும்பாலும் எல்லாமே 'கெசெலமாத்தான்'தான். ஆனால் இந்தத் துறையில் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. விபத்து நடக்காமல் காப்பது ஒன்று. களவு, நாசவேலை, அனுமதியில்லாமல் கைவைப்பது ஆகியவற்றிலிருந்து காப்பது இன்னொன்று. ஒரு நாடு தன் அணுப்பொருளை ஆயுதத்துக்குத் திருப்பிவிடாமல் சரிபார்ப்பது மூன்றாவது. நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி. விண்ணப்பக் கடிதத்தில் இவற்றைக் குழப்பி எழுதினால், படிப்பவருக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

இனி, பழக வேண்டிய விஷயம். இதை எனக்குப் பல்கலைக்கழகம் கற்றுத்தரவில்லை, அப்பா கற்றுத்தந்தார். அவர் ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கர். மரம் வெட்டு முடிந்து ரப்பர் பால் வாளிகள் நிறுக்கும் கொட்டகைக்கு வரும்போது, பள்ளி விடுமுறை நாள்களில் நான் அவர் பக்கத்தில் நிற்பேன். தராசு காட்டிய எடையை மையில் எழுதுவார். பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று காட்டும் மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டுப் படித்த அளவையும் மையில் எழுதுவார். "அந்த நெறையில மழை பேஞ்சுது, பால் தண்ணியா போச்சு" என்று மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) சொன்னால், அதை ஓரத்தில் பென்சிலில் குறித்து, பக்கத்தில் சொன்னவர் பெயரையும் போடுவார். ஒருநாள் ஏன் என்று கேட்டேன். "தராசு சொன்னது வேற, ஆள் சொன்னது வேற. ரெண்டையும் ஒரே மையில எழுதினா, நாளைக்கு எனக்கே வித்தியாசம் தெரியாது" என்றார். நான் எழுதிய ஒவ்வொரு ஆய்வுக் குறிப்பும் அந்த மை-பென்சில் கணக்கில்தான் நிற்கிறது.

சரி, நீங்களே செய்து பாருங்கள். நம் மாநிலத்துச் சம்பவம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2018 ஆகஸ்ட் 10 அன்று சிரம்பானிலிருந்து ஷா ஆலாமுக்குப் பிக்அப் வண்டியில் போய்க்கொண்டிருந்த ஒரு கருவி காணாமல் போனது. எடை 23 கிலோ. உள்ளே இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள். குழாய்களின் பற்றவைப்பில் விரிசல் இருக்கிறதா என்று படம் பிடிக்கும் தொழிற்சாலைக் கருவி அது. சில நாள் கழித்துத்தான் செய்தி வெளியில் வந்தது. அதைப் பற்றி வந்த செய்திகளில் மூன்றைத் தேடி எடுத்து, ஒரு பள்ளிக்கூட நோட்டில் அரைப் பக்கம் எழுதுங்கள். எந்த நாள், எங்கிருந்து எங்கே, என்ன பொருள், எந்தக் கருவியில், எந்தச் சூழ்நிலையில், திரும்பக் கிடைத்ததா, இதையெல்லாம் சொன்னது யார்? அதிகாரி பெயரோடு சொன்னது மையில். "தெரியவந்துள்ளது", "நம்பப்படுகிறது" என்று முடிவதெல்லாம் பென்சிலில்.

எழுதும்போது ஒரு இடத்தில் நிச்சயம் சறுக்குவீர்கள். சில செய்திகள் அந்தக் கருவியைக் 'கதிரியக்கத்தைப் பரப்பும் கருவி' என்றே குறிப்பிட்டன. இந்தத் துறையில் அந்தப் பெயர் வேண்டுமென்றே கதிரியக்கத்தைப் பரப்பச் செய்யப்படும் ஆயுதத்துக்கு உரியது. காணாமல் போனதோ வேலைக்கு உதவும் படக் கருவி. அந்த ஒரு சொல்லைச் சரிபார்க்காமல் எடுத்து எழுதினால், தொலைந்துபோன பெட்டி உங்கள் குறிப்பில் வெடிகுண்டாகிவிடும். படிக்கும் அதிகாரி அதற்கேற்ப ஆள்களை அனுப்புவார். செய்தி என்ன பெயர் வைத்தது என்பதை விட்டுவிட்டு, பொருள் என்ன, கருவி என்ன வேலை செய்கிறது என்பதை எழுதுங்கள்.

பொருளைப் பற்றிக் கொஞ்சம் இயற்பியலும் வேண்டும், ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு அளவு போதும். இரிடியம்-192 ஏறக்குறைய 74 நாளில் பாதியாகும். ஒரு வருடம் கிடந்தால் முப்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். சீசியம்-137-க்கு அரை ஆயுட்காலம், அதாவது பாதியாகும் காலம், ஏறக்குறைய 30 ஆண்டு. அது ஒரு வருடம் கிடந்தாலும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். ஆகவே 'ஓராண்டாகக் காணவில்லை' என்ற அதே வாக்கியம் இரண்டுக்கும் வேறு வேறு அர்த்தம் தரும். வியன்னா நிறுவனம் கதிரியக்க மூலங்களை ஆபத்துக்கேற்ப 1 முதல் 5 வரை வகைப்படுத்துகிறது, 1 மிக ஆபத்தானது. படக் கருவிகளின் மூலங்கள் பொதுவாக 2-இல் வரும். இந்த அட்டவணையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் தேடும் சொற்கள். இதில்தான் நம்மவர்களுக்கு மற்றவர்களிடம் இல்லாத ஒரு பலம் இருக்கிறது. 1987-இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவக் கூடத்திலிருந்து சீசியம் கருவியைத் தூக்கிப்போனவர்கள் அதைப் பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். 4 பேர் இறந்தார்கள். 249 பேர்மீது கதிரியக்கப் பொருள் பட்டிருந்தது. தூக்கிப்போனவர்களுக்கும் கடைக்காரருக்கும் 'கதிரியக்கம்' என்ற சொல்லே மனதில் இல்லை. 2013 டிசம்பரில் மெக்சிகோவில் பெட்ரோல் நிலையத்தில் நின்ற லோரியைத் திருடினார்கள். அதில் மருத்துவமனையின் பழைய கோபால்ட்-60 இருந்தது. திருடர்களுக்கு வேண்டியிருந்தது லோரி என்றே தெரிகிறது. பதிவான களவுகளில் பாதிக்கு மேல் இப்படிப் போக்குவரத்தின்போது நடந்தவை. எனவே 'கதிரியக்கப் பொருள் திருட்டு' என்று மட்டும் தேடினால் பாதி கைநழுவும். பெசி பூரோக் (மலாயில் பழைய இரும்பு), லோரி ஹிலாங் (லோரி காணவில்லை), பழைய இரும்பு, மஞ்சள் பெட்டி என்று, பார்த்தவன் என்ன சொல்லியிருப்பானோ அந்தச் சொல்லைப் போட்டுத் தேட வேண்டும். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் கையில் இருக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு இது பெரிய மூலதனம்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த முதல் ஆண்டு, ஒரு செய்தி பொருள் தொலைந்த நாளைப் போட்டிருந்தது, இன்னொன்று போலீசில் புகார் கொடுத்த நாளைப் போட்டிருந்தது. ஊர்ப் பெயரின் எழுத்தும் வேறாக இருந்தது. நான் அதை இரண்டு சம்பவமாகப் பதிந்தேன். காலாண்டுக் கணக்கில் ஒன்று கூடுதலாகப் போய்விட்டது. அன்றிலிருந்து நடந்த நாள், தெரிந்த நாள், அறிவித்த நாள் என மூன்று கட்டம் போட்டுத்தான் எழுதுகிறேன்.

படிப்புக்கு ஒரே பாதை என்று இல்லை. பாங்கி நகரில் உள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் அணு அறிவியல் படிக்கலாம். அனைத்துலக உறவு, புள்ளியியல், நூலகவியல் படித்து வந்தவர்களும் இந்த வேலைக்குப் பொருந்துவார்கள். வியன்னா நிறுவனம் இணையத்தில் அணுப் பாதுகாப்புப் பாடங்களை இலவசமாகத் தருகிறது, இப்போதே சேரலாம். முதுகலை படிக்கும் பெண்களுக்கு மேரி ஸ்கோடோவ்ஸ்கா கியூரி பெயரில் உதவித்தொகை உண்டு. பட்டம் முடித்த உடனே வியன்னாவில் நிரந்தர வேலை கிடைக்கும் என்று எண்ண வேண்டாம், இடைநிலைப் பதவிகளுக்குச் சில ஆண்டு அனுபவம் கேட்பார்கள். முதலில் இங்கேயே அணுசக்தித் துறையிலோ, சுங்கத்திலோ, ஆய்வு நிறுவனத்திலோ கை பழகுங்கள். வேலைக்குப் போனபின் நாடுகள் நம்பிக் கொடுத்த அறிக்கைகளைப் பற்றி வீட்டிலும் பேசக்கூடாது. மேலே நான் எழுதியதெல்லாம் பத்திரிகையில் வந்தவையும் பொதுவில் உள்ளவையும்தான்.

அந்தப் பிள்ளை சிரம்பான் சம்பவத்தை எழுதி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தாள். அரைப் பக்கம் சொன்னேன், இரண்டு பக்கம் வந்திருந்தது. முதல் பக்கம் முழுக்க நீல மை. நான்கு வரியை வட்டமிட்டு, "இதை யார் சொன்னது?" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். மறுநாள் மாலை புதுப் படம் வந்தது. மூன்று வரி பென்சிலுக்கு மாறியிருந்தது. நான்காவதை அடித்துவிட்டிருந்தாள்.