ராஸ்பெர்ரி பையில் ஒரு மியூசிக் பிளேயர்: பழைய ஆம்ப்ளிஃபயருக்குப் புது வேலை

பழைய ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் இன்னும் நன்றாகப் பாடினால், அவற்றோடு ஒரு ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரைச் சேர்த்துவிடுங்கள். போனிலிருந்தே பாட்டை மாற்றிக் கேட்கலாம். புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை.

வாங்க வேண்டியவை: பை 3 அல்லது பை 4 (1 ஜிபி ராம் தாராளம்), 16 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு, பிசிஎம்5102ஏ சிப் உள்ள டேக் போர்டு (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற சிக்னலாக மாற்றுவது), சில ஜம்பர் வயர்கள், பாட்டுகள் நிறைந்த பென்டிரைவ். அடாப்டரில் மட்டும் சிக்கனம் வேண்டாம்: பை 3-க்கு 5 வோல்ட் 2.5 ஆம்பியர், பை 4-க்கு 3 ஆம்பியர்.

பையிலேயே ஹெட்போன் ஜாக் இருக்கிறதே, டேக் எதற்கு? அந்த ஜாக்குக்குப் பின்னால் முறையான டேக் சிப் கிடையாது. வேகமான மின் துடிப்புகளின் அகலத்தை மாற்றித்தான் அதில் ஒலி உண்டாகிறது. வீணை மெதுவாக ஓயும் இடத்தில் மெல்லிய இரைச்சல் தெரிந்துவிடும். பெரிய பைக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல டேக்குக்குக் கொடுங்கள் என்பதுதான் என் கட்சி.

சரி, வயரிங். பவரை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். பையில் இரண்டு வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிகள்தான் பின்கள். எஸ்டி கார்டு இருக்கும் பக்கத்து மூலையில், பையின் ஓரத்தை ஒட்டிய முதல் பின்தான் 2-ஆம் எண். அந்த வரிசை முழுக்க இரட்டை எண், உள்வரிசை ஒற்றை எண். டேக் போர்டில் அச்சிட்ட பெயர்களைப் பார்த்து இணையுங்கள்: விஐஎன் 2-ஆம் பின்னுக்கு, கிரவுண்ட் 6-க்கு, பிசிகே 12-க்கு, எல்சிகே 35-க்கு, டிஐஎன் 40-க்கு. டேக்கின் எஸ்சிகே பின்னைக் கிரவுண்டோடு இணைக்க வேண்டும். அப்போதுதான் தனக்கு வேண்டிய கிளாக்கை (தாளம் தரும் சிக்னலை) சிப் தானே உண்டாக்கிக்கொள்ளும்.

டேக் போர்டைத் திருப்பிப் பாருங்கள். பல போர்டுகளில் நான்கு சின்ன சால்டர் இணைப்புகள் இருக்கும். 1, 2, 4 'லோ' பக்கமும் 3 'ஹை' பக்கமும் ஒட்டியிருக்க வேண்டும். மூன்றாவது சத்தத்தை அடக்கும் மியூட்டுக்கானது, அது 'லோ'வில் இருந்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் சத்தமே வராது.

அடுத்து மென்பொருள். இலவசமாகக் கிடைக்கும் மூட் ஆடியோ பிளேயரை, கம்ப்யூட்டரில் ஓடும் ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற மென்பொருள் மூலம் கார்டில் எழுதுங்கள். பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபை விவரம் மூன்றையும் எழுதும்போதே கொடுத்துவிடுங்கள். கார்டைச் செருகி, டேக்கின் அவுட்புட்டை ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் இன்புட்டில் கொடுத்து (நேராக ஸ்பீக்கருக்கு அல்ல), பவரைப் போடுங்கள். முதல் தடவை கொஞ்சம் நேரமெடுக்கும்.

அப்புறம் அதே வைஃபையில் இருக்கும் போனின் பிரவுசரில் 'மூட் டாட் லோக்கல்' என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். மூட் என்பதில் எம், இரண்டு ஓ, டி, ஈ. ஆடியோ அமைப்பில் ஐ2எஸ் (பையிலிருந்து டேக்குக்குப் பாட்டு போகும் வழி) சாதனமாக 'ஹைஃபைபெர்ரி டேக்' தேர்ந்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். உங்கள் போர்டு வேறு கம்பெனியாக இருந்தாலும் சிப் ஒரே வகை என்பதால் இதுவே போதும். பென்டிரைவைச் செருகி லைப்ரரியை அப்டேட் செய்தால் ஆல்பங்கள் அட்டைப்படத்தோடு வரிசையாக வந்து நிற்கும்.

இந்தச் சிப்பில் வால்யூம் கட்டுப்பாடு கிடையாது. மூட் மென்பொருள்தான் குறைக்கிறது. அதனால் மூட்டில் முழு அளவில் வைத்து, ஆம்ப்ளிஃபயரின் குமிழில் குறைத்துக் கேளுங்கள். பாட்டு போடும் முன் குமிழ் கீழே இருக்கட்டும்.

அணைக்கும்போது மெனுவில் ஷட்டவுன் கொடுத்து, பச்சை விளக்கு மின்னி ஓய்ந்த பிறகே பிளக்கைப் பிடுங்குங்கள். இல்லையென்றால் கார்டில் உள்ள ஃபைல்கள் கெட்டுப்போகலாம்.