சென்னையிலிருந்து தில்லி தாமரைக் கோயில்: முதல்முறை போகிறவர்களுக்கு

தில்லி டூரில் பெரும்பாலானோர் தாமரைக் கோயிலுக்கு ஒதுக்குவது அரைமணி நேரம். வரிசையில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, "சாமியே இல்லையே" என்று திரும்பிவிடுகிறார்கள். இது ஈரானில் தோன்றிய பஹாய் என்ற சமயத்தாரின் வழிபாட்டு இல்லம். சிலை, பூசாரி, அர்ச்சனை, பிரசங்கம் எதுவும் கிடையாது. எந்த மதத்துக்காரரும் வந்து மௌனமாக உட்காரலாம். இரண்டு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கிழமை

திங்கட்கிழமை விடுமுறை. சென்னைக்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சனிக்கிழமை இரவு சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் புது தில்லியில் இறங்குவது திங்கள் காலை. அன்றைக்குக் கதவு பூட்டியிருக்கும். ஞாயிறு மதியமும் வேண்டாம், உள்ளூர்க் கூட்டம் மொத்தமும் அங்கேதான். செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு காலை வேளை நல்லது. நுழைவுக் கட்டணம் இல்லை.

வழக்கமாக 10, 12, 3, 5 மணிக்குச் சிறு பிரார்த்தனை நடக்கும். அன்றைய நேரத்தை வாசலில் தன்னார்வலரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். 10 மணிப் பிரார்த்தனைக்குக் குறி வைத்தால் வெயிலும் ஏறியிருக்காது, வரிசையும் நீண்டிருக்காது.

படி 2: போய்ச் சேருவது

ரயிலில் வருகிறவர்கள் பெட்டியை ஸ்டேஷன் கிளோக் ரூமில் போட்டுவிடுங்கள். பூட்டில்லாத பையை அங்கே வாங்க மாட்டார்கள். சென்னையிலிருந்தே சின்னப் பூட்டு கொண்டுபோங்கள். புது தில்லி மெட்ரோவில் மஞ்சள் தடத்தில் ஏறி சென்ட்ரல் செக்ரடேரியட்டில் ஊதா தடத்துக்கு மாறி, கால்காஜி மந்திர் நிலையத்தில் இறங்குங்கள். விமானம் முதல் முனையத்தில் இறங்கினால் மெஜந்தா தடம் நேரே அதே நிலையத்துக்குக் கொண்டுவிடும்.

அந்த நிலையத்தின் பெயர் பக்கத்திலுள்ள காளி கோயிலுடையது. ஆட்டோக்காரரிடம் "கால்காஜி மந்திர்" என்று சொன்னால் அந்தக் கோயிலில்தான் இறக்குவார். "லோட்டஸ் டெம்பிள்" என்றே சொல்லுங்கள். நவராத்திரியில் நிலையமே நெரியும், அந்த நாட்களைத் தவிர்க்கலாம்.

படி 3: வெளியே நின்று பார்ப்பது

தோட்டப் பாதையில் நடக்கும்போதே இதழ்களை எண்ணிவிடுங்கள், பக்கத்தில் போனால் கணக்குப் பிடிபடாது. மொத்தம் 27 இதழ்கள், வரிசைக்கு ஒன்பதாக மூன்று வரிசை. முதல் வரிசை வெளிப்புறமாக விரிந்து ஒன்பது வாசல்களுக்கும் மேல் கவிந்திருக்கும். இரண்டாவது வரிசை உட்புறம் சாய்ந்து, நடுமண்டபத்தைச் சுற்றியுள்ள பகுதிக்குக் கூரையாகும். மூன்றாவது வரிசை மொட்டாகக் குவிந்து நுனியில் மட்டும் திறந்திருக்கும். அந்த நுனிக்குச் சற்றுக் கீழே கண்ணாடியும் எஃகும் சேர்ந்த கூரை. உள்ளே வெளிச்சம் இறங்குவது அந்த வழியாக.

வடிவமைத்தவர் ஈரானில் பிறந்த ஃபரிபோர்ஸ் சஹ்பா. கட்டியது எல் அண்ட் டி நிறுவனத்தின் ஈ.சி.சி. என்ற கட்டுமானப் பிரிவு, அதன் தலைமையகம் நம்ம மணப்பாக்கத்தில்தான் இருக்கிறது. 1986 டிசம்பரில் அர்ப்பணிப்பு விழா நடந்தது. வெளியே தெரியும் வெள்ளை, கிரீஸ் நாட்டுப் பென்டெலிக் மலைப் பளிங்கு. இத்தாலியில் அளவுக்கு வெட்டி இங்கே கொண்டுவந்து பதித்தார்கள்.

போட்டோ எடுப்பதையெல்லாம் இங்கேயே முடித்துவிடுங்கள். உள்ளே கேமராவிலும் போனிலும் படமெடுக்க அனுமதியில்லை.

படி 4: செருப்பு, வரிசை

செருப்பைப் பையில் போட்டுக் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். குடும்பமாகப் போனால் எல்லாருடையதையும் சேர்த்துக் கொடுங்கள், திரும்பும்போது ஒரே இடத்தில் நின்றால் போதும். சாக்ஸைக் கழற்ற வேண்டாம்: மே மாதம் தரை சுடும், ஜனவரியில் உறையும். கதவருகே ஒரு கூட்டமாக நிறுத்தி விதிமுறை சொல்லி அனுப்புவார்கள். கைக்குழந்தைக்குப் பாலோ பிஸ்கட்டோ கொடுப்பதை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

படி 5: உள்ளே

ஓரமாக நடந்து அடுத்த கதவில் வெளியேறாதீர்கள். நடு வரிசை பெஞ்சில் உட்கார்ந்து தலையை நிமிர்த்துங்கள். கூரையில் கான்கிரீட் விலாக்கள் ஒன்றையொன்று வெட்டிப் பின்னியிருப்பது அங்கிருந்துதான் முழுசாகத் தெரியும். இதழ்களின் உட்புறத்தில் பளிங்கு கிடையாது, வெறும் வெள்ளை சிமென்ட் கான்கிரீட். பெசன்ட் நகர்ப் பழைய ஃபிளாட் பால்கனிகளில் துரு பழுப்பாக வடிந்திருக்குமே, அந்தக் கறை இங்கே வரக்கூடாது என்றுதான் துத்தநாகம் பூசிய கம்பியைப் போட்டார்கள். தில்லி வெயிலில் கான்கிரீட் சூடேறாமலிருக்கக் கலவையில் ஐஸ் கலந்தார்கள்.

பிரார்த்தனை தொடங்கினால் முடியும்வரை எழக்கூடாது. வெவ்வேறு மதங்களின் வேத வரிகளை வாசிப்பார்கள், பாடுவார்கள். வாத்தியம் எதுவும் கிடையாது. எதிரொலி வருகிறதா என்று யாராவது கைதட்டிப் பார்ப்பதும் உண்டு. செய்யாதீர்கள். உண்டியலையும் தேட வேண்டாம், பஹாய் அல்லாதவர்களிடம் நன்கொடை வாங்குவதில்லை.

வெளியே வந்ததும் ஒன்பது குளங்களில் ஒன்றின் ஓரமாகச் சற்று நில்லுங்கள். அழகுக்காக மட்டும் கட்டியவையல்ல இவை. தண்ணீர்மேல் தவழ்ந்து குளிர்ந்த காற்று அடித்தளத் திறப்புகள் வழியாக மண்டபத்துக்குள் போகும், சூடான காற்று மேல்நுனி வழியாக வெளியேறும். தண்ணீரில் கால் நனைக்க விடமாட்டார்கள்.

மாலை மிச்சமிருந்தால் மெஜந்தா தடத்திலேயே வசந்த் விஹார் போய் இறங்குங்கள். மலை மந்திர் முருகன் கோயில் அந்தப் பக்கம்தான். மதியம் நடை சாத்தியிருக்கும் என்பதால் சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பினால் போதும்.